பெத்தானியாவின் நறுமணம்

யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் மரியா இயேசுவின் காலடிகளில் பூசிய தைலத்தை, திண்டிவனம் விவிலிய நடுநிலையம் 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'இலாமிச்சை' என்கிறது. சீர்திருத்தச் சபையினரின் பழைய மொழிபெயர்ப்பில் அது 'நளதம்'. முண்டியம்பாக்கத்துக்கு அண்மையில் உருப்பெற்ற பொது மொழிபெயர்ப்பின் எளிய நடைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் இந்த ஒரு சொல்லை ஏற்க நமக்குத் தயக்கமே.

இலாமிச்சை வெட்டிவேரை ஒத்த மணவேர். கிரேக்க மூலம் கூறும் 'நார்தோஸ்' இமயச் சாரலில் விளையும் சடாமாஞ்சில் என்பதே அறிஞர் பலரின் கருத்து. 'நளதம்' அதற்குரிய வடமொழிப் பெயரே. கங்கைப் பகுதியின் இச்சரக்கு சேரநாட்டுத் துறைமுகங்களின் வழியே மேற்கே கப்பலேறியதை முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான 'பெரிப்புளூஸ்' குறிக்கிறது. மலையும் கடலும் பாலையும் கடந்து வந்த பொருள் என்றால்தான் யூதாசு சொன்ன முந்நூறு தெனாரியம் விளங்கும். மத்தேயு 20ஆம் அதிகாரப்படி ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. கரும்பு வெட்டிப் பிழைக்கும் நம் மக்களுக்கு, அது ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு என்று சொன்னால் போதும். யூதாசின் முணுமுணுப்பிலும் ஒரு நியாயம் தென்படும்.

அந்த நியாயத்துக்கு இயேசு அளித்த மறுமொழியை யூத மரபினின்று பிரித்தால் பொருள் திரிந்துவிடும். ஏழைகள் என்றும் உங்களோடு இருப்பர் என்னும் கருத்தை, வறுமை மாறாத விதி என்பதற்குச் சான்றாக்கும் மறையுரைகளை நாம் கேட்டிருக்கிறோம். அதன் வேர் இணைச்சட்டம் 15:11. அங்கே அதே மூச்சில் வருவது, ஏழைக்குக் கையைத் தாராளமாகத் திற என்னும் கட்டளை. தோபித்து நூலோ பசித்தோர்க்கு ஈவதையும் இறந்தோரை அடக்கம் செய்வதையும் ஒரே மனிதரின் இரு அறச்செயல்களாகக் காட்டுகிறது. மரியாவின் செயலை இயேசு தம் அடக்கத்தோடு இணைத்தது இம்மரபில் நின்றே. ஈகையை அவர் தள்ளவில்லை. அடக்கம் என்னும் அறத்துக்கு அந்நாளில் இடம் கேட்டார்.

பண்டைய யூதப் பண்பாட்டைக் கற்பது குருமடத்து வகுப்போடு முடியும் வேலை அன்று என்பதற்கு இப்பகுதியே சான்று. மக்களுக்குப் புரியவேண்டும் என்பதே மொழிபெயர்ப்பாளர் நோக்கமாயின், நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் சடாமாஞ்சிலே அதற்குப் பொருந்தும். அடுத்த திருத்தத்தில் இச்சொல்லையும், இணைச்சட்டத்தைச் சுட்டும் ஓர் அடிக்குறிப்பையும் சேர்க்குமாறு வேண்டுகிறோம்.