சிறுகருவிக்கு யார் பொறுப்பு?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, ரப்பர் தோட்டங்களில் பிறந்தவை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் இருந்த குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பெயர்ந்தன. தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு பள்ளி மட்டும் பல இடங்களில் மிஞ்சியது. 150 பேருக்குக் குறைவாகப் படிக்கும் பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. எண்ணிக்கை மிகவும் சரிந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துக் கூட்டு வகுப்பு நடத்துவதும் உண்டு.

அப்படி ஓர் அறையை நினைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் காணொளிப் பாடம் ஓடுகிறது. மறுபக்கம் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியருக்கு ஒலியைச் சட்டென்று குறைக்க வேண்டும். மவுஸை நகர்த்தி, திரையின் மூலையில் சின்னத்தைத் தேடி, கோட்டைப் பிடித்து இழுப்பதற்குள் அமளி தொடங்கிவிடும். நன்கொடையாக வந்த பழைய விசைப்பலகையில் ஒலிக்கென்று தனி விசை கிடையாது. இந்த நிலையில் நிரல் தெரிந்த யாராவது ஒருவர், கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து மேல் அம்பை அழுத்தினால் ஒலி கூடும், கீழ் அம்பை அழுத்தினால் குறையும் என்று ஒரு சிறுகருவி எழுதிக் கொடுத்துவிடுகிறார். தன் தேவைக்கோ அக்கம்பக்கத்தார் தேவைக்கோ ஒரே ஆளாய்க் கருவி எழுதும் இந்தப் பழக்கத்தைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன். எழுதுவது எளிது. எழுதி முடித்த மறுநாள் தொடங்கும் பொறுப்பைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். இந்தக் கருவிக்கு வேண்டிய உறுப்புகள் மூன்றே. விண்டோஸில் ‘ரெஜிஸ்டர்ஹாட்கீ’ என்ற கட்டளையால் ஒரு விசைக்கூட்டைப் பதிவு செய்யலாம். அந்த விசைகள் அழுத்தப்பட்டதும் இயங்குதளம் நிரலுக்கு ஒரு செய்தி அனுப்பும். செய்தி வந்ததும் நிரல் ஒலியளவை மாற்றும். அவ்வளவுதான். கணினி எப்படிக் காத்திருக்கிறது, எப்படிச் செவிமடுக்கிறது, ஒரு நிரல் இன்னொன்றோடு எப்படி ஒரே மேசையில் குடித்தனம் நடத்துகிறது என்பதையெல்லாம் புதிதாக நிரல் கற்பவருக்கு இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் பயிற்சி அரிது. பலனும் உடனே காதில் விழும். பெரிய நிறுவனம் எதுவும் ஒரு தோட்டப் பள்ளியின் கூட்டு வகுப்பை மனத்தில் வைத்து மென்பொருள் செய்யப்போவதில்லை. அந்த இடைவெளியை அடைப்பவர் அந்த அறையை அறிந்தவராகத்தான் இருக்க முடியும்.

‘ஆட்டோஹாட்கீ’ போன்ற இலவசக் கருவியில் இதே வேலையை இரண்டு வரியில் முடிக்கலாமே, பிறகு ஏன் தனியாக எழுத வேண்டும் என்று கேட்பார்கள். வேலை முடிந்தால் போதும் என்பவருக்கு அந்த இரண்டு வரியே போதும். ஆனால் உள்ளே நடப்பதை அறிந்தவர்தான் பின்னால் பழுது வரும்போது கைகொடுப்பார். பழுது வரத்தான் செய்யும்.

முதல் பழுது விசைகளிலேயே இருக்கிறது. விசைக்கூட்டு யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்கு. இரண்டாவதாக வரும் நிரலின் பதிவு தோற்றுவிடும். எழுதியவர் அந்தத் தோல்வியைச் சோதிக்காமல் விட்டிருந்தால், கருவி ஓடிக்கொண்டிருப்பதுபோல் தெரியும், ஆனால் ஒன்றும் நடக்காது. தமிழ் தட்டச்சு செய்யும் மேசையில் இது கற்பனைச் சிக்கல் அன்று. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட தமிழ்த் தட்டச்சுக் கருவியான என்எச்எம் ரைட்டர், ஆல்ட்டோடு எண் விசைகளை அழுத்தித் தமிழ்99, ஒலியியல், பழைய தட்டச்சு என்று மாறும்படி அமைந்தது. ஒலிக்கருவி எழுதுபவர் தன் வசதிக்கு ஆல்ட் 1, ஆல்ட் 2 என்று எடுத்துக்கொண்டால், ஒலியைக் கூட்டப்போய் எழுத்து மாறும். எழுத்தை மாற்றப்போய் வகுப்பே அதிரும்.

பால் வெட்டப் போனவர்கள் கத்தியைத் தத்தம் கைவாகுக்குத் தக்கபடி தீட்டிக்கொண்டார்கள். ஆனால் வெட்டு பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். சில ஆண்டு கழித்து அதே பக்கத்தை வெட்ட வருகிறவர் திண்டாட வேண்டும். கத்தி ஒருவருடையது, மரம் அடுத்தவருக்கும் வேண்டியது. விசைப்பலகையும் அப்படித்தான். ஆகவே விசைக்கூட்டை நிரலுக்குள் இறுக்கிப் பூட்டிவைத்த கருவி, எவ்வளவு அழகாக ஓடினாலும், அரைக்கருவிதான். மாற்றிக்கொள்ளும் வசதி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவது பழுது காதைப் பற்றியது. ஒலியளவை நூறாகப் பிரித்து, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் இரண்டிரண்டாகக் கூட்டினால் போதும் என்று தோன்றும். அலையின் வீச்சை நேரடியாக அப்படிக் கூட்டினால், 2இலிருந்து 4க்குப் போகும்போது ஒலி 6 டெசிபெல் துள்ளும். 50இலிருந்து 52க்குப் போகும்போது 0.34 டெசிபெல்தான் நகரும். கீழே ஓர் அழுத்தத்தில் தூக்கிவாரிப்போடும். மேலே ஓர் அழுத்தத்தில் வித்தியாசமே தெரியாது. காது விகிதத்தைக் கேட்கிறது, கூட்டலைக் கேட்பதில்லை. விண்டோஸின் புதிய ஒலி இடைமுகத்தில் 0 முதல் 1 வரையிலான அளவுகோல் இந்த வளைவைத் தானே பார்த்துக்கொள்கிறது. அதை அறியாமல் தன் கணக்கைத் தானே போட்டவரின் கருவி, மெல்லிய ஒலி வேண்டிய இடத்தில்தான் முரண்டு பிடிக்கும். கூட்டு வகுப்புக்கு வேண்டியதோ அந்த மெல்லிய ஒலிதான்.

மூன்றாவது, காலடியில் தரை நகர்வது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ‘மிக்ஸர்’ கட்டளைகளால் கணினி முழுவதன் ஒலியையும் மாற்ற முடிந்தது. 2007இல் விஸ்டா வந்தபோது ஒலியமைப்பே புதிதாக எழுதப்பட்டது. பழைய கட்டளைகள் பிழை காட்டவில்லை; பணிவாக ஏற்றுக்கொண்டு, அழைத்த நிரலின் ஒலியை மட்டும் கூட்டிக் குறைத்தன. ஒலிக்கட்டுப்பாட்டுக் கருவியோ தானாக எந்த ஒலியும் எழுப்பாது. ஆக, அது தன் மௌனத்தையே கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது. இன்றைய வகுப்பறையிலும் இதன் சாயல் உண்டு. புரொஜெக்டரை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்ததும் ஒலி அந்தப் பக்கம் போய்விடக்கூடும். தொடங்கும்போது பிடித்த ஒலிச்சாதனத்தையே பற்றிக்கொண்டிருக்கும் கருவி, யாரும் கேட்காத மடிக்கணினி ஒலிபெருக்கியைக் குறைத்துக்கொண்டிருக்கும். பார்வையற்றவர் பயன்படுத்தும் கணினியில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. முழு ஒலியையும் ஒரே அழுத்தத்தில் அடக்கினால், திரையைப் படித்துச் சொல்லும் குரலும் சேர்ந்து அடங்கிவிடும்.

நான்காவது, நம்பிக்கை. விசைக்கூட்டைப் பதிவு செய்வதற்குப் பதிலாக, அழுத்தப்படும் எல்லா விசைகளையும் இடைமறித்துப் பார்க்கும் வழியும் உண்டு. அது வசதியானது, ஆனால் கடவுச்சொல் திருடும் நிரல்களும் அதே வழியில்தான் வருகின்றன. ஆகவே வைரஸ் தடுப்பான் சந்தேகப்படுகிறது. கையொப்பமிடாத நிரல் என்று விண்டோஸும் எச்சரிக்கிறது. உடனே எழுதியவர், ‘எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஓட்டுங்கள்’ என்று சொல்லிக்கொடுக்கிறார். தானே கருவி எழுதிக் கொடுக்கும் பழக்கத்தின் மிகப் பெரிய கெடுதல் இதுவே என்பேன். ஒலியைக் குறைக்கப்போய், எச்சரிக்கையை ஒதுக்கும் பழக்கத்தை ஒரு பள்ளிக்கே ஊட்டிவிடுகிறோம். அடுத்து வரும் எச்சரிக்கை உண்மையானதாக இருந்தால், அந்த ஒப்புதலுக்கும் விரல் பழகியிருக்கும்.

இத்தனை குறையோடும் தானே கருவி எழுதும் பழக்கம் வேண்டுமா? மலேசியத் தமிழருக்கு இதற்கு விடை சொல்லும் தகுதி கூடுதலாகவே உண்டு. கணினியில் தமிழ் எழுத முடிந்ததே இத்தகைய கைவேலையால்தான். 1980களின் நடுவில் மலேசியரான முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு, பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்தது. இயங்குதளங்களுக்குத் தமிழ் தெரியாத காலத்தில், விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே உட்கார்ந்து எழுத்தை மாற்றித் தந்த கருவி அது. ஒலிக்கருவியும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. வேலையும் அளவும்தான் வேறு.

முரசின் பாதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. அஞ்சல் விசைமுறையும், 1999இல் சென்னையில் நடந்த மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்ட தமிழ்99 முறையும் பின்னாளில் மேக் கணினியின் இயங்குதளத்துக்குள்ளேயே இடம்பிடித்தன. தனிக்கருவி எதையும் நிறுவாமல் எழுத முடிந்தது. எ-கலப்பை என்ற இன்னொரு தமிழ்த் தட்டச்சுக் கருவி வேறு வழியில் போனது. தொடக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் கீமேன் எந்திரத்தின்மேல் நின்ற அது, பிறகு தன் மூலநிரலைத் திறந்து வைத்தது. ஒன்று இயங்குதளத்துக்குள் குடிபுகுந்தது. மற்றொன்று பிறர் கையில் தொடரும்படி கதவைத் திறந்தது. இரண்டிலும், விரல்கள் பழகிய முறை எழுதியவரின் கைக்குள் மட்டும் அடைபட்டுக் கிடக்கவில்லை. விரலின் பழக்கத்தைப் பிறரிடம் ஒப்படைக்கும் வழியைத் திறந்து வைத்ததே இவற்றின் சிறப்பு.

அந்த அளவுகோலை நம் ஒலிக்கருவிக்கும் வைத்துப் பார்க்கலாம். விசைகளை மாற்ற முடிகிறதா, பதிவு தோற்றால் வாய் திறந்து சொல்கிறதா, வெளியேறும்போது எடுத்த விசைகளைத் திருப்பித் தருகிறதா, எழுதியவர் வேறு ஊருக்குப் போனால் மூலநிரல் பள்ளியிடம் இருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால் தாராளமாக நிறுவலாம். இல்லையென்றால், ஒலி விசையுள்ள விசைப்பலகை ஒன்றை வாங்கிவிடுவதே மேல். அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை.

இன்றைய மடிக்கணினிகளில் ஒலி விசை பெரும்பாலும் உடன்வருகிறது. ஆகவே இந்தக் கருவிகளின் தேவை சுருங்கிக்கொண்டே போகும். அதற்காக எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. இருக்கும் தேவையைத் தீர்த்தவரைக்கும் அது நல்ல கருவி. தேவை தீர்ந்த பிறகும் விசைகளைப் பிடித்துக்கொண்டு பின்னணியில் உட்கார்ந்திருந்தால் அது சுமை. எழுதிக் கொடுப்பவர் நிறுவும் முறையோடு நீக்கும் முறையையும் அதே தாளில் எழுதிக் கொடுக்கட்டும்.