ஃபிட்டிங் ஃப்ரீயா? கொஞ்சம் பொறுங்கள்!

சென்னை ஜி.பி. ரோட்டில் புது பைக்கோடு போய் நின்று பாருங்கள். சைடு ஸ்டாண்டு போடுவதற்குள் நாலு கடைப் பையன்கள் சூழ்ந்துவிடுவார்கள். “அண்ணே, க்ராஷ் கார்டு, ஃபாக் லைட்டு, மொபைல் ஹோல்டர் மூணையும் சேர்த்து எடுத்துக்கங்க. ஃபிட்டிங் ஃப்ரீ!” பேரம் பேசி இருநூறு ரூபாய் குறைத்துவிட்ட சந்தோஷத்தில் நாமும் தலையாட்டிவிடுவோம். பாதி வில்லங்கம் அந்த இலவச ஃபிட்டிங்கில்தான் தொடங்குகிறது. என் 350 சிசி சிங்கிள் சிலிண்டர் பைக்கில் இவற்றையெல்லாம் மாட்டியும் கழற்றியும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: பொருளின் தரம் எவ்வளவு முக்கியமோ, அதை மாட்டுகிற விதமும் அவ்வளவு முக்கியம். உடம்பில் போடும் ரைடிங் கியருக்கும் இதே கணக்குதான். காசு குறைவாக இருந்தால் முதலில் உடம்புக்குச் செலவு செய்யுங்கள், பைக் காத்திருக்கும்.

ஹெல்மெட்டில் தொடங்குவோம். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கக் கூடாது. ரோட்டோரம் தொங்குகிறவற்றிலும் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் இருக்கத்தான் செய்கிறது. ஸ்டிக்கர் அச்சடிக்க என்ன செலவு? அசல் முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று காட்டிவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். கூடவே ஈ.சி.இ. 22.06 என்ற ஐரோப்பியச் சான்றும் இருந்தால் நல்லது. பழைய 22.05-ல் இல்லாத, சாய்வாக மோதும்போது தலை திருகப்படுவதை அளக்கும் சோதனை இதில் உண்டு.

சான்றைவிட அதிகம் கோட்டை விடுவது அளவில்தான். புருவத்துக்குச் சற்று மேலே டேப் வைத்துத் தலையின் சுற்றளவை எடுத்துக்கொண்டு போங்கள். ஹெல்மெட்டைப் போட்டதும் கன்னம் லேசாக உப்பி, பேசினால் உள்கன்னம் பல்லில் படவேண்டும். ‘டைட்டா இருக்கே’ என்று பெரிய சைஸுக்குப் போய்விடாதீர்கள். கன்னப் பேடுகள் நாளடைவில் அமுங்கித் தளர்ந்துவிடும். ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் ஹெல்மெட்டை இடவலமாகத் திருப்புங்கள். முகத்தோலும் கூடவே நகர வேண்டும். அடுத்து, பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால், அது எவ்வளவு விலையாக இருந்தாலும் உங்களுக்கான ஹெல்மெட் இல்லை. பத்து நிமிடம் போட்டபடியே கடைக்குள் சுற்றுங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் உங்கள் தலையின் வடிவத்துக்கு அந்த மாடல் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஜாக்கெட்டை நம் ஊர் வெயிலுக்கு மெஷ் துணியில் எடுப்பதுதான் சரி. தோல் ஜாக்கெட் உராய்வைத் தாங்கும், உண்மைதான். மே மாதத்தில் அதை மாட்டிக்கொண்டு கிண்டி சிக்னலில் நிற்க வேண்டியவர் நீங்கள்தான். முழங்கை, தோள் ஆர்மரை வெளியே எடுத்து, அதில் ஈ.என். 1621-1 என்ற எண்ணும் லெவல் 1 அல்லது 2 என்பதும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முதுகுப் பாக்கெட்டில் கையை விடுங்கள். பல ஜாக்கெட்டுகளில் அங்கே வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். முதுகு ஆர்மரைத் தனியாக வாங்கச் சொல்வார்கள். நின்றுகொண்டு போட்டுப் பார்த்தால் பாதிதான் தெரியும். பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முழங்கை ஆர்மர் முழங்கை எலும்பின் மேல் நிற்கிறதா, மேலே ஏறிவிடுகிறதா என்பதே கேள்வி. உள்ளே மாட்டும் ரெயின் லைனர் எனக்குப் பிடிக்கவில்லை. ஐப்பசி மழையில் ஜாக்கெட் நனைந்து கனத்துவிடும். லைனரை மாட்ட ஜாக்கெட்டையும் கழற்ற வேண்டும். மேலே போடும் மழைக்கோட்டே மேல்.

கிளவுஸை மறக்காதீர்கள். விழும்போது முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். அங்கே தரையில் வழுக்கிச் செல்ல கெட்டியான ஸ்லைடர் வைத்தது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி லைட். இங்கேதான் நான் நிறைய நேரம் செலவழித்தேன். பெட்டியில் ‘100 வாட்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். மல்டிமீட்டரில் ஆம்பியரை அளந்து வோல்ட்டேஜால் பெருக்கினால் உண்மை வாட் தெரிந்துவிடும். நான் மாட்டிய ஜோடி, ஒன்றுக்கு 20 வாட். இரண்டும் சேர்ந்து 40 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3.3 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். ஃப்ரீ ஃபிட்டிங்கில் நடப்பது என்ன? ஹெட்லைட் வயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். கம்பெனி வயரிங்கை வெட்டினால் அந்தப் பகுதிக்கு வாரன்ட்டி மறுக்கப்படலாம். வெயிலில் டேப்பின் பசை உருகும், மழையில் ஜாயின்ட் பச்சை பிடிக்கும்.

முறையான வழி ரிலே. அதன் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்ட பின்கள் இருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு ஒரு வயர், 87-லிருந்து லைட்டுக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒரு வயரிலிருந்து சுவிட்ச் வழியாக இணைப்பு, 85 எர்த்துக்கு. லைட்டின் முழுக் கரன்ட்டும் சுவிட்ச் வழியாகப் போகாது. சாவியை எடுத்ததும் லைட்டும் அணையும், பேட்டரியும் இறங்காது. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவழியில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. வேலை முடிந்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் எங்காவது இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வெளிச்சத்தை எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி தாழ்த்தி வையுங்கள். சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி, பைக்கில் உட்கார்ந்துகொண்டு லோ பீமை அடியுங்கள். அதன் மேல்விளிம்புக்குக் கீழேயே புது லைட்டின் வெளிச்சம் அடங்க வேண்டும். தூரத்துக்குக் குத்தும் ஸ்பாட் லைட்டை முன்னால் மாட்டுவதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தடை இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இளவட்டங்கள் முதலில் கழற்றி எறிவது சாரி கார்டை. அதே மத்திய விதிகளில் 123-ஆவது, பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டும் என்கிறது. அம்மாவின் முந்தானையும் தங்கையின் துப்பட்டாவும் பறக்கும் ஊரில் இது அலங்காரப் பொருள் இல்லை. துணிப் பை தொங்கவிட்டாலும் அது சக்கரத்தில் உரசாமல் தடுப்பது இதுதான். சைலன்சர் பக்கத்துப் பையை மட்டும் நன்றாகத் தூக்கிக் கட்டுங்கள், நைலான் உருகும்.

மொபைல் ஹோல்டரைக் கழற்றிவிட்டேன். சக்தி மிகுந்த பைக் இன்ஜினின் அதிர்வு, கேமராவை அசையாமல் பிடிக்கும் நுண்ணிய பாகங்களைக் காலப்போக்கில் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. அதிர்வைத் தணிக்கும் ரப்பர் டேம்பர் வைத்த ஹோல்டராக இருந்தால் ஆபத்து குறையும். எனக்கு இயர்போனில் வழி சொல்லும் குரலும் வேண்டாம். பாதி வழியில் டீக்கடையில் நிறுத்தி மேப் பார்த்துக்கொள்கிறேன்.

என் பைக்கில் இப்போது மிச்சமிருப்பவை இரண்டு லைட்டும் சாரி கார்டும்தான். நீங்கள் எதை மாட்டினாலும், முதல் நீண்ட பயணம் முடிந்ததும் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.