தைரியமும் அதன் உள்ளடக்கமும்

உருவமா உள்ளடக்கமா என்ற விவகாரத்தைக் கவிதையை வைத்தே பேசிப் பழகிவிட்டோம். வாழ்க்கை வரலாற்றில் உருவம் செய்யும் காரியம் இன்னும் விபரீதமானது. செத்துப்போன மனிதர்களில் யார் உள்ளே, யார் வெளியே என்பதை அங்கே அதுவே தீர்மானித்துவிடுகிறது. ஜான் எஃப். கென்னடி ஸெனட்டராக இருந்தபோது 1956இல் வெளிவந்த 'ப்ரொஃபைல்ஸ் இன் கரேஜ்' இதற்குத் தெளிவான உதாரணம். தங்கள் கட்சியையும் வாக்காளர்களையும் மீறி மனசாட்சிப்படி நின்ற எட்டு ஸெனட்டர்களின் கதை. 1957இல் புலிட்ஸர் பரிசு பெற்றது. நடுவர்கள் பரிந்துரைத்த பட்டியலில் அது இல்லை. மேல் குழு தானாகக் கொண்டுவந்து சேர்த்தது. பெரும்பாலான அத்தியாயங்களின் முதல் வரைவு தன்னுடையது என்று கென்னடியின் உதவியாளர் டெட் ஸோரன்ஸன் 2008இல் எழுதினார். யார் எழுதினார் என்ற வம்பில் எனக்கு அக்கறையில்லை. என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஜான் க்வின்ஸி ஆடம்ஸுக்கோ டேனியல் வெப்ஸ்டருக்கோ கென்னடியின் தயவு தேவையில்லை. புத்தகத்தின் உயிர் அமெரிக்கர்களே ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த இரண்டு பேரிடம் இருக்கிறது: கான்ஸஸின் எட்மண்ட் ராஸ், மிஸிஸிப்பியின் லூஷியஸ் லமார். இருவருமே உள்நாட்டுப் போருக்குப் பிறகான புனரமைப்புக் காலத்தவர்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கிடைத்து, பிறகு அது அவர்கள் கையிலிருந்து பிடுங்கப்பட்ட காலம் அது. புத்தகத்தின் மிக அழகான இரண்டு அத்தியாயங்கள் இந்தக் காலத்தைப் பற்றியவையாக இருப்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

ராஸ் அச்சுத் தொழிலாளியாகத் தொடங்கிப் பத்திரிகை நடத்தியவர். போரில் வடக்குத் தரப்பில் இருந்தவர். 1866இல் ஒரு கான்ஸஸ் ஸெனட்டர் தற்கொலை செய்துகொண்டதால் காலியான இடத்துக்கு வந்தார். 1868இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்ஸன்மீது பதவிநீக்க விசாரணை. ஸெனட்டர்கள் 54 பேர். தண்டிக்க 36 வாக்கு வேண்டும். மே 16ஆம் தேதி விழுந்தவை 35. ராஸ் 'குற்றமில்லை' என்றார். அதோடு ஸெனட்டில் அவருக்கு எதிர்காலம் இல்லாமல் போனது. கென்னடி இதை ஒரு நாடகாசிரியனின் சாமர்த்தியத்தோடு கட்டியிருக்கிறார். பெயர்கள் அகர வரிசையில் அழைக்கப்படுகின்றன, எண்ணிக்கை ஏறுகிறது, எல்லார் கண்ணும் ஒரு ஆள் மீது. அந்தக் கணத்தைச் சவக்குழியோடு சேர்த்துப் பார்த்த ராஸின் உவமையும் கைக்குக் கிடைத்துவிடுகிறது.

அன்று அப்படி வாக்களித்த குடியரசுக் கட்சியினர் ஏழு பேர். அயோவாவின் கிரைம்ஸ் பக்கவாதம் வந்து நாலு நாள் ஆகாத நிலையில் சபைக்குத் தூக்கிவரப்பட்டு வாக்களித்தார். ஆனாலும் கதாநாயகன் ராஸ்தான். ஏனென்றால் அவர் முன்கூட்டித் தன் மனதைத் திறக்கவில்லை; கதைக்கு வேண்டிய இறுக்கம் அவரிடம் இருக்கிறது. வாக்களித்த சில வாரங்களுக்குள் தன் ஆட்களுக்குப் பதவி கேட்டு ராஸ் ஜான்ஸனிடம் போனது அந்த இறுக்கத்தைக் குலைக்கக்கூடியது. அந்த வாக்குக்குப் பின்னால் பணம் நடமாடியிருக்கலாம் என்ற சந்தேகத்தைப் பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் எழுப்பினார்கள். அது நிரூபணமாகவில்லை, அதை நான் இங்கே பிடித்துக்கொள்ளப் போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ராஸ் காப்பாற்றிய ஜான்ஸன் யார்? 1866இல் கறுப்பின மக்களின் சிவில் உரிமைச் சட்டத்தை வீட்டோ செய்தவர். பதினாலாவது திருத்தத்தை எதிர்த்தவர். விசாரணையின் சட்டக் காரணம் ஒரு மந்திரியை நீக்கியதுதான், ஆனால் அடியில் ஓடிய வழக்கு இதுவே. இந்த அத்தியாயத்தில் அந்த வழக்கு கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது. எஞ்சுவது ஒரு தனிமனிதன், அவனைச் சுற்றி ஒரு வெறிக் கூட்டம். அந்தக் கூட்டத்தின் தலைவர் தாடியஸ் ஸ்டீவன்ஸின் ஊனமான கால் அவர் குணத்துக்கே விளக்கமாகிறது. உடம்பைக் காட்டி ஒழுக்கத்தைச் சொல்வது மலிவான நாவலாசிரியனின் உத்தி. இதே ஸ்டீவன்ஸ் அந்த ஆகஸ்டில் இறந்தபோது, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இடுகாடுகளை வேண்டாமென்று, எல்லோருக்கும் இடமிருந்த சிறிய இடுகாடு ஒன்றைத் தேர்ந்துகொண்டிருந்தார்.

லமார் விஷயம் இதைவிடச் சிக்கலானது. இங்கேதான் புத்தகம் உண்மையில் உடைகிறது.

1861இல் மிஸிஸிப்பி பிரிந்துபோகும் பிரகடனத்தை வரைந்தவர் லமார். 1874இல் காங்கிரஸில், அடிமை முறையின் பரம எதிரியாக இருந்த சார்லஸ் ஸம்னருக்கு இரங்கல் உரை நிகழ்த்தி, வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள வேண்டுமென்று கேட்டார். 1878இல் வெள்ளி நாணய மசோதாவுக்கு ஆதரவாக வாக்களிக்கும்படி மாநிலச் சட்டசபை அவருக்குக் கட்டளையிட்டது. ஸெனட்டரைச் சட்டசபைதான் தேர்ந்தெடுத்தது அப்போது. 1913இல்தான் அது மக்கள் கைக்கு வந்தது. லமார் கட்டளையை மீறி எதிர்த்து வாக்களித்தார். கென்னடியின் கணக்கில் இரண்டு தைரியங்கள்.

இந்த 1874க்கும் 1878க்கும் நடுவில் 1875 என்று ஒரு வருஷம் இருக்கிறது. மிஸிஸிப்பியில் கறுப்பின மக்கள் பாதிக்கு மேல். நியாயமான தேர்தல் நடந்தால் குடியரசுக் கட்சிதான் வரும். எனவே வெள்ளையர் துப்பாக்கிக் குழுக்கள் கூட்டங்களைக் கலைத்தன. செப்டம்பரில் கிளின்டன் ஊரில் ஒரு பொதுக்கூட்டத்தில் தொடங்கிய சூடு, அடுத்த சில நாட்கள் கறுப்பின மக்களை வீடு வீடாகத் தேடிக் கொல்வதில் போய் முடிந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த யாஸூ கவுண்டியில் நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு விழுந்த வாக்குகள் 7. எழுபதோ எழுநூறோ அல்ல, ஏழு. அந்தப் பிரச்சாரத்தின் முன்னணிப் பேச்சாளர்களில் ஒருவர் லமார். அப்படி வந்த சட்டசபைதான் 1876 ஜனவரியில் அவரை ஸெனட்டுக்கு அனுப்பியது. 1878இல் கட்டளையிட்டதும் இந்த ஏற்பாட்டில் பிறந்த சபைதான். தன் வாக்காளர்களை எதிர்த்து நிற்கும் தைரியம் என்று நாம் பாராட்டுவது, மற்ற வாக்காளர்கள் துப்பாக்கி முனையில் வீட்டுக்குள் அடைக்கப்பட்டபின் மிச்சமிருந்தவர்களை எதிர்த்து நிற்கும் தைரியம். அதுவும் நாணய மதிப்பு சம்பந்தமாக.

அந்த 1875இல் மிஸிஸிப்பி கவர்னர் அடல்பெர்ட் ஏம்ஸ். மெய்ன் மாநிலத்துக்காரர், 1861இல் புல்ரன் சண்டையில் தொடையில் குண்டு பாய்ந்தும் பீரங்கிகளை விட்டு நகராமல் உட்கார்ந்தபடியே கட்டளையிட்டவர், பின்னாளில் அதற்காக நாட்டின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கம் பெற்றார். கலவரத்தை அடக்க மத்தியப் படை கேட்டார். கிடைக்கவில்லை. புதிய சட்டசபை அவர்மீதே பதவிநீக்க விசாரணையைத் தொடங்கியது. அவருக்கு அடுத்து வரவேண்டிய கறுப்பினத் துணை கவர்னரை விசாரித்து நீக்கியது. குற்றச்சாட்டுகள் திரும்பப் பெறப்படும் என்ற ஏற்பாட்டில் 1876 மார்ச்சில் ஏம்ஸ் ராஜினாமா செய்தார். ஒரு பதவிநீக்க விசாரணை தோற்றதில் கென்னடிக்கு ஒரு காவியம் கிடைக்கிறது. எட்டு வருஷம் கழித்து நடந்த மற்றொன்று ஜெயித்ததில் ஒன்றுமே இல்லை. லமார் அத்தியாயத்தில் ஏம்ஸ் பின்னணி இருட்டு மட்டும்: பயணப்பையோடு வந்திறங்கிய வடக்கத்தியான், துப்பாக்கிகளின் நிழலில் ஆண்டவன், வரியைப் பதினாலு மடங்காக்கிய ஊதாரி அரசாங்கத்தின் முகம். அந்த வரியில் ஒரு பங்கு, மாநிலம் முழுவதற்குமான பொதுப் பள்ளிகளுக்குப் போனது. மிஸிஸிப்பிக்கு அதற்கு முன்னால் அப்படி ஓர் அமைப்பே இருந்ததில்லை.

1955இல் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று சமாதானம் சொல்லலாம். செல்லாது. டு போய்ஸின் பெருநூல் 1935இலேயே வந்துவிட்டது. யாஸூ கவுண்டி ஷெரீஃபாக இருந்து துரத்தப்பட்ட ஆல்பர்ட் மார்கன் 1884இலேயே தன் கதையைத் தானே செலவழித்து அச்சிட்டிருந்தார். சான்றுகள் இருந்தன; உருவம் அவற்றை ஏற்கவில்லை. கூட்டத்தை எதிர்த்து நிற்கும் தனியன் என்ற வார்ப்பில் லமாரை ஊற்ற முடிகிறது. உயிருக்குப் பயப்படாமல் வாக்குச்சாவடிக்கு நடந்த பெயர் தெரியாத ஆயிரம் பேரை ஊற்ற முடிவதில்லை, அவர்கள் கூட்டமாகவே நடந்ததால். சிறுபத்திரிகை வாசகர்களான நமக்கும் தனியன் மேல் ஒரு மோகம் உண்டு. எதிர்ப்பில் நிற்கிறான் என்றாலே பாதி மதிப்பெண் போட்டுவிடுகிறோம். எதை எதிர்த்து, யார் தோளில் நின்று என்பதைக் கேட்பதில்லை.

ஏம்ஸின் மகள் பிளாஞ்ச் ஏம்ஸ் கேட்டார். ஓவியர், தாவரவியல் அறிஞரான கணவரின் நூல்களுக்கு ஆர்க்கிட் மலர்களை வரைந்தவர், பெண்களுக்கு வாக்குரிமை கோரிக் கேலிச்சித்திரம் போட்டவர். தன் தகப்பனைப் பற்றிய பகுதியைத் திருத்தும்படி கென்னடிக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். திருத்தம் வரவில்லை. 'பாரிஸ் ரெவ்யூ' ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன் இவருடைய பேரன். ஜனாதிபதியான பிறகு கென்னடி தன்னை ஒரு விருந்தில் தனியே அழைத்து, உங்கள் பாட்டி கடிதம் எழுதுவதை நிறுத்தச் சொல்லக் கூடாதா என்று கேட்டதாகப் பிளிம்ப்டன் சொல்லியிருக்கிறார். சிரிப்புக் கதைதான். ஆனால் பாட்டி சிரித்துவிட்டுப் போகவில்லை. 1964இல், தம் 86ஆம் வயதில், தகப்பனின் வரலாற்றைத் தடித்த புத்தகமாகக் கொண்டுவந்தார். இலக்கியமாக அது பெரிய சாதனை இல்லை. மகளின் பக்தி எல்லாப் பக்கத்திலும் தெரிகிறது. கென்னடியின் உரைநடை அதைவிடப் பல மடங்கு நேர்த்தி. நேர்த்தி எதற்கு உதவியது என்பதுதான் நம் முன்னால் இருக்கும் கேள்வி.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1962 செப்டம்பர் 30 இரவு, ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரை மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்க்க மத்திய அரசு போலீஸை அனுப்பியிருந்தது. கென்னடி தொலைக்காட்சியில் பேசினார். மிஸிஸிப்பி மக்களின் நல்லுணர்வை நோக்கி முறையிட்டவர், நாட்டு நலனை வட்டார நலனுக்கு மேலாக வைத்த லூஷியஸ் லமாரின் மாநிலம் இது என்று நினைவூட்டினார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே வளாகத்தில் கலவரம் மூண்டிருந்தது. இருவர் செத்தார்கள், ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர். லமார் ஒரு காலத்தில் பாடம் நடத்திய பல்கலைக்கழகம் அது. கல் எறிந்தவர்களுக்கும் லமார் அன்னியர் அல்ல, 1875இன் லமார்.

சிறிய அரசியல்வாதிகளின் வாழ்வை வேறு எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு ஜான் ராய் லின்ச்சைச் சொல்வேன். 1847இல் அடிமையாகப் பிறந்தவர். நாச்செஸ் ஊரில் புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே, சந்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பிள்ளைகளுக்கு நடக்கும் பாடத்தைக் காதில் வாங்கிக் கற்றவர். 1872இல் மாநிலச் சட்டசபையின் சபாநாயகர், வயது 24. பிறகு காங்கிரஸ். 1880 தேர்தலில், வாக்குச் சீட்டில் அச்சுக்கோடு இருக்கிறது, அது அடையாளக் குறி என்று சொல்லி அவருடைய வாக்குகளை ஆயிரக்கணக்கில் தள்ளினார்கள். வழக்காடி 1882இல் இடத்தைப் பெற்றார். 1913இல் 'தி ஃபாக்ட்ஸ் ஆஃப் ரீகன்ஸ்ட்ரக்ஷன்' எழுதினார். தலைப்பைப் போலவே வறண்ட நடை. எண்கள், நியமனங்கள், யார் எந்தப் பதவிக்கு நின்றார் என்ற விவரங்கள். தன்னை எங்கும் நடு மேடையில் நிறுத்திக்கொள்வதில்லை. எதிராளியான லமாரிடம்கூட மரியாதை குறைவதில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு காட்சி. 1875 தேர்தல் முடிந்தபின் லின்ச் ஜனாதிபதி கிராண்டைப் பார்க்கப் போகிறார். ஏம்ஸ் கேட்டபோது படை ஏன் அனுப்பவில்லை என்று கேட்கிறார். அனுப்பத்தான் நினைத்தேன், அனுப்பினால் அக்டோபரில் ஒஹையோ தேர்தல் கையை விட்டுப் போய்விடும் என்று அந்த ஊர்க் கட்சிக்காரர்கள் வந்து சொன்னார்கள், மிஸிஸிப்பி எப்படியும் போனதுதான் என்றார்கள், விட்டுவிட்டேன் என்கிறார் கிராண்ட். லின்ச் இதில் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. போரை ஜெயித்த தளபதி, அடிமையாகப் பிறந்த 28 வயது இளைஞனிடம் ஒரு மாநிலத்தைக் கைவிட்ட கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்; இளைஞன் கேட்டுக்கொண்டு, பதில் சொல்லி, வெளியே வந்து, முப்பத்தெட்டு வருஷம் கழித்து அதை எழுதி வைக்கிறான்.