வராந்தாவில் உட்கார்ந்தே வென்றவன்

ஓட்டல் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு மரத்துண்டைக் கத்தியால் சீவிக்கொண்டிருக்கிறான் நாயகன். துப்பாக்கிக்கு வேலையே இல்லை, குதிரைத் துரத்தலும் கிடையாது. பெரும்பாலான நேரம் அவன் செய்வது இந்தச் சீவல் ஒன்றுதான். 'மேவரிக்' தொடரின் 'ஷேடி டீல் அட் சன்னி ஏக்கர்ஸ்' எபிசோடு 1958 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானது. தொலைக்காட்சிக்காக எடுத்த வெஸ்டர்ன் நகைச்சுவைகளில் இதற்கு மேலே வைக்க என்னிடம் வேறொன்று இல்லை.

அந்த 1958-59 பருவத்தில் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த பத்துத் தொடர்களில் ஏழு வெஸ்டர்ன்கள். எல்லாவற்றிலும் நாயகன் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான், முதலில் துப்பாக்கியை உருவுவான், நீதியை நிலைநாட்டுவான். அந்தக் கூட்டத்தில் ராய் ஹக்கின்ஸ் உருவாக்கிய பிரெட் மேவரிக் ஒரு சூதாடி. சண்டை வந்தால் நழுவப் பார்ப்பான். கோட்டின் உட்பக்கம் ஆயிரம் டாலர் நோட்டு ஒன்றைக் குத்தி வைத்திருப்பான். எதற்கெடுத்தாலும் தன் அப்பா சொன்ன புத்திமதி ஒன்றை எடுத்துவிடுவான். ஜேம்ஸ் கார்னர் என்ற நடிகருக்கு இந்தச் சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீட்டாட்டத்தில் ஜெயித்த பதினைந்தாயிரம் டாலரை இரவில் கையோடு வைத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறான் பிரெட். வங்கி மூடிய பிறகும் உள்ளே இருந்த வங்கிக்காரர் பேட்ஸிடம் கொடுத்து ரசீது வாங்குகிறான். காலையில் பணத்தைக் கேட்கப் போனால், 'உங்களை நான் பார்த்ததே இல்லையே' என்ற பாவனையில் முகத்தை வைத்துக்கொள்கிறார் பேட்ஸ். ஊர் முழுக்க அவரைத்தான் நம்புகிறது. வந்தேறிச் சூதாடியை யார் நம்புவார்கள்? பிரெட் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. இரண்டு வாரத்தில் பணத்தை வாங்கிவிடுவேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துவிடுகிறான்.

அந்த நொடியிலிருந்து இந்த எபிசோடு வேறொரு தளத்துக்கு ஏறுகிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் அவனிடம் நின்று விசாரிக்கிறார்கள்: பணம் வந்ததா, எப்படி வாங்கப் போகிறாய்? ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். அதற்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது என்கிறான். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போகிறார்கள். ஒரே வசனம் திரும்பத் திரும்ப வந்தால் மூன்றாவது முறையிலேயே பார்ப்பவருக்குச் சலித்துவிடும். இங்கே சலிக்காமல் இருப்பதற்குக் கார்னர் செய்திருக்கும் வேலை மிக நுட்பமானது. வசனத்தை அவர் அழுத்துவதே இல்லை. முகத்தில் ஒரு சின்னப் புன்னகை, பார்வை பாதி மரத்துண்டில், குரல் மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்லும் குரல். ரகசியம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை கொஞ்சமாவது எட்டிப்பார்த்திருந்தால் அத்தனையும் கெட்டிருக்கும். தெரிந்ததை முகத்தில் காட்டாமல் இருப்பது சீட்டாட்டக்காரனின் தொழில் பழக்கம். அதை நடிப்பின் அடித்தளமாகவே வைத்துக்கொண்டுவிட்டார்.

என்னை இன்னும் அதிகமாகக் கவர்வது வேறு ஒன்று. பிரெட் சொல்வது முழுக்க உண்மை. வேலை உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கிறது. பொய் வேஷமும் பொய்ப் பெயரும் நிறைந்த இந்தக் கதையில், தினமும் நடுத்தெருவில் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் ஊர் பைத்தியக்காரனாகப் பார்க்கிறது. பொய் சொன்ன வங்கிக்காரரை மரியாதையோடு கும்பிடுகிறது. இந்தத் தலைகீழ் நிலையை எங்கும் வசனமாக்கி விளக்காமல், ஒரு நாற்காலியையும் ஒரு கத்தியையும் வைத்தே நிறுவிவிடுகிறார்கள்.

நடக்கும் வேலையைச் செய்பவன் தம்பி பார்ட் மேவரிக். ஜாக் கெல்லி நடித்த பாத்திரம். பங்கு வியாபாரி என்று பொய்ப் பெயரில் வந்திறங்கி, பேட்ஸின் பேராசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போடுகிறான். அவனுக்குத் துணையாக ஒரு பட்டாளமே வருகிறது. டேண்டி ஜிம் பக்லி, ஜென்டில்மேன் ஜாக் டார்பி, பிக் மைக் மெக்கோம், சின்டி லூ பிரவுன், கூடவே சமந்தா கிராஃபோர்ட். முன்பொரு எபிசோடில் ஆற்றுக் கப்பல் சீட்டாட்டத்தில் பிரெட்டையே மொட்டையடித்தவள் இந்தச் சமந்தா. வேறு வேறு கதைகளில் வந்துபோகும் எத்தர்களை ஒரே கதைக்குள் கூட்டி, ஆளுக்கொரு வேஷம் கொடுத்து, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடமாட விட்டிருக்கிறார்கள். எழுத்தில் ஹக்கின்ஸ், டக்ளஸ் ஹேய்ஸ் இருவரின் கையும் உண்டு. இயக்கியவர் லெஸ்லி மார்ட்டின்சன். பின்னால் 1966-இல் 'பேட்மேன்' திரைப்படத்தை இயக்கியவரும் இவர்தான். இங்கே கேமராவை வைத்து வித்தை காட்டாமல், வராந்தாவுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் சரியாகத் திரும்பியதே அவருடைய பெரிய பங்களிப்பு.

பேட்ஸாக நடித்த ஜான் டெனரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு கதையில் வில்லன் முட்டாளாக இருந்தால் ஏமாற்றுவதில் சுவை இருக்காது. டெனர் கனமான, நம்பிக்கை ஊட்டும் குரல் உள்ளவர், வானொலி நாடகங்களில் ஊறியவர். அந்தக் குரலில் கேட்டால் பொய்யும் வங்கிக் கணக்குப்போல ஒழுங்காக ஒலிக்கிறது. ஊர் ஏன் அவரை நம்புகிறது என்பது கேட்பவருக்குச் சட்டென்று விளங்கிவிடும். இதே 1958 நவம்பர் 23 அன்றுதான் வானொலியில் 'ஹாவ் கன் வில் டிராவல்' வெஸ்டர்ன் தொடர் தொடங்கியது. அதில் நாயகன் பலடினாகக் குரல் கொடுத்தவரும் டெனரே! ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே மனிதர் வானொலியில் வீரர், தொலைக்காட்சியில் திருடர்.

1973-இல் 'தி ஸ்டிங்' திரைப்படம் வந்து ஏழு ஆஸ்கர்களை அள்ளியது. பொய்யான ஓர் அலுவலகம், கூட்டாளிப் பட்டாளம், பேராசைக்கார இரை. தன் எபிசோடிலிருந்துதான் அது பிறந்தது என்று ஹக்கின்ஸ் கருதினார். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டின் ருசியும் வேறு. 'தி ஸ்டிங்' பார்ப்பவரையும் சேர்த்தே ஏமாற்றுகிறது. முடிவில் வரும் திகைப்புதான் அதன் பரிசு. 'மேவரிக்' நம்மைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறது. வராந்தாவில் நின்று சிரிக்கிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் ஒரு தோழமை இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அது குறைவதில்லை. திகைப்பு முதல் தடவையோடு போய்விடும்.

ஜாக் கெல்லிக்கு இதில் உரிய புகழ் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். ஒரு மணி நேர எபிசோடு ஒன்றைப் படமாக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடித்ததால், வாரம் தவறாமல் ஒளிபரப்ப வேண்டி இரண்டாவது நாயகனாகச் சேர்க்கப்பட்டவர் அவர். 1957 நவம்பரில் வந்தார். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வரும் கதைகளில் எந்தப் பாத்திரம் தனக்கு வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கார்னருக்கு இருந்தது. இந்தக் கதையில் ஊரெல்லாம் அலைந்து, பொய்ப் பெயரில் பேசி, பேட்ஸை வலைக்குள் நடத்திக் கூட்டிவரும் அத்தனை உழைப்பும் கெல்லியுடையது. பங்கு வியாபாரி வேஷத்தில் அவர் காட்டும் அலட்சியமான பணக்காரத் தோரணையை உற்றுப் பாருங்கள். விற்க அவசரமே இல்லாதவன் என்ற தோற்றத்தை வைத்தே பேட்ஸை அவசரப்பட வைக்கிறார். கெல்லி அந்தப் பக்கம் இவ்வளவு உறுதியாக ஓடியதால்தான் கார்னரால் இந்தப் பக்கம் அசையாமல் உட்கார முடிந்தது. கார்னர் 1960-இல் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவோடு வழக்காடித் தொடரை விட்டு விலகிய பிறகும், 1962-இல் அது முடியும்வரை அதைத் தோளில் சுமந்தவர் கெல்லிதான்.