ஓராண்டும் இருபது வாரமும்

தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் போகிறவருக்குப் பாடம் நடத்தும் முறையை எப்படிப் பழக்குவது என்ற கேள்விக்கு இலங்கையும் தமிழ்நாடும் ஏறத்தாழ ஒரே காலத்தில் புதிதாகப் பதில் தேடின. இந்தியாவின் 1986 தேசியக் கல்விக் கொள்கையிலிருந்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் பிறந்தன. அதே 1986இல் கல்வியியற் கல்லூரிகளுக்கான சட்டத்தை இலங்கை கொண்டுவந்தது. அதன் பிறகு இரண்டும் எடுத்த வழிகள் வேறு.

இலங்கையில் உயர்தரம் முடித்துத் தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகும் ஆசிரிய மாணவர் முதல் இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிக்கிறார். மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்குப் பிறகு சேரும் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பே மொத்தம் இரண்டு ஆண்டுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி அதில் பள்ளிப் பயிற்சி 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16.

இந்தக் கால வேறுபாட்டைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்தி பென்சிலை முஷ்டியால் பிடிப்பாள். இன்னொருவன் தன் பெயரைச் சொல்லவே கூச்சப்படுவான். மற்றொருத்தி முன்பள்ளியிலேயே எழுத்துகளை அறிந்து வந்திருப்பாள். யாருக்கு என்ன வரும் என்பதை முதல் வாரங்களில் விளையாட்டு மூலம் கண்டறிவதற்கு இலங்கையின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இடம் ஒதுக்கியிருக்கிறது. முஷ்டியால் பென்சில் பிடித்தவள் சில மாதம் கழித்து ஒரு வாக்கியத்தை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கும் நாள் வரும். இடையில் அவள் எங்கே தேங்கினாள், எந்த வாரம் சட்டென்று பிடித்துக்கொண்டாள், எது உதவியது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் கற்பித்தல் முறை என்பது பொருளுள்ள சொல்லாகிறது. 16 வாரத்தில் ஒருவர் பத்துப் பதினைந்து பாடங்களைத் திறமையாக நடத்திக் காட்டலாம். ஒரு பிள்ளை வாசிக்கத் தொடங்குவதை முழுமையாகப் பார்க்க அது போதாது.

ஆனால் அந்த முழு ஆண்டை இலங்கை எப்போதும் நன்றாகச் செலவிடுவதில்லை. மலையகத்திலும் வன்னியிலும் ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடசாலைக்குக் கட்டுறு பயிலுநர் போனால், அதிபர் கண்ணுக்கு அவர் வெற்றிடத்தை நிரப்ப வந்தவராகவே தெரிகிறார். முதல் நாளே வகுப்பு கைக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் அமர்ந்து கவனிக்க வேண்டிய வழிகாட்டி ஆசிரியருக்குத் தன் வகுப்பே தலைக்கு மேல். மலையகப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்றவர் தோட்டப் பாடசாலையில் பயிற்சி ஆண்டிலேயே துணையின்றி விடப்பட்டால், தான் சிறுவயதில் எப்படிக் கற்பிக்கப்பட்டாரோ அந்த முறைக்கே திரும்பிவிடுவார். கரும்பலகையைப் பார்த்து எழுது, எல்லோரும் சேர்ந்து சொல்.

தமிழ்நாட்டின் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அங்கே புதிய முறை பயிற்சி நிறுவனத்தில் பிறக்காமல் பள்ளியில் பிறந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குச் சிற்றூர்ப் பள்ளிகளில் பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்க உருவான முறைதான் அதன் மூலம். அந்நாள் வகுப்பறைச் சுவரில் ஏணிப்படி அட்டவணை தொங்கும். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, அதற்குரிய சின்னம் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, எந்தக் குழுவில் உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்காருவாள். ஆசிரியர் முழுதாக உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே கற்கும் குழு எனத் தனித்தனி. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியரும் பாயில்தான்.

அந்த அறைக்குள் ஒரு பயிற்சி மாணவி நுழைந்தால் அவள் என்ன செய்வாள்? அவள் கையில் இருப்பது நாற்பது நிமிடத்துக்கு எழுதிய பாடக்குறிப்பு: ஆர்வமூட்டல், பாட வளர்ச்சி, வலுவூட்டல், மதிப்பீடு, வீட்டுப்பாடம். அங்கேயோ முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நிற்கிறார்கள். பள்ளியில் முறை மாறிய வேகத்தில் ஆசிரியப் பயிற்சி மாறவில்லை. பணியில் இருந்த ஆசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி கிடைத்தது. வரப்போகிற ஆசிரியருக்குப் பழைய பாடக்குறிப்பே தொடர்ந்தது. அந்த முறை மாநிலம் எங்கும் ஒரே அளவில் வேரூன்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

இன்னொன்று மனத்தை வருத்துவது. இலங்கையில் டிப்ளோமா பெற்றவர், நியமனம் தாமதமானாலும், ஆசிரியர் சேவைக்குள் வருவார் என்ற எதிர்பார்ப்போடுதான் படிக்கிறார். தமிழ்நாட்டில் பட்டயம் பெற்றவர் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2018இன் அரசாணை 149க்குப் பிறகு இன்னொரு போட்டித் தேர்வும் உண்டு. பயிற்சிக்கும் பணிக்கும் நடுவில் பல ஆண்டுகள் கோச்சிங் சென்டரில் கழிகின்றன. கூச்சப்படும் குழந்தையைப் பேச வைக்கப் பழகிய கை, உளவியல் கேள்விக்குச் சரியான விடையைக் கருப்பாக்குவதிலேயே தேய்ந்துபோகிறது. கற்பிக்கும் திறன் பழக்கத்தில் வாழ்வது. அதை இத்தனை ஆண்டு பூட்டி வைக்க முடியாது.

இரண்டு இடங்களுக்கும் பொதுவான குறையும் உண்டு. பிள்ளை மையக் கல்வியைப் பற்றி விரிவுரையாளர் ஒரு மணி நேரம் பேச, மாணவர்கள் குனிந்து குறிப்பெடுக்கிறார்கள். நுண்ணிலைக் கற்பித்தலில் இருபது வயது நண்பர்களே ஆறு வயதுப் பிள்ளைகளாக நடித்து, எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். கேள்வி கேட்கும் திறனை அப்படிப் பழகலாம். தவறான விடையை வைத்து என்ன செய்வது என்பதைப் பழக முடியாது.

சிறு பாடசாலைகள் நிறைந்த இலங்கைக்கு, பல்தர வகுப்பைச் சமாளிக்கத் தமிழ்நாட்டின் அட்டையும் ஏணியும் உடனே உதவும். கல்வியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே அதை ஆசிரிய மாணவர் கையால் செய்து பார்க்கலாம். தமிழ்நாடு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முழு ஆண்டை. ஆனால் எங்கே செய்தாலும் வழிகாட்டி ஆசிரியரின் வாராந்த நேரசூசியில் சில பாடவேளைகளைக் குறைத்து, பயிலுநரின் வகுப்பில் உட்காரவும் பிறகு அவரோடு பேசவும் அந்த நேரத்தை ஒதுக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. வழிகாட்டலையும் வேலையாகக் கணக்கில் எடுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும்.