திரை காட்டும் 5.012

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் மேசைகளில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்த பிள்ளைகளைப் பார்க்கலாம். ஆசிலாஸ்கோப்பைப் படிக்க அவர்களுக்குப் பாலிடெக்னிக் கற்றுத்தந்த விதி ஒன்றுதான்: மீச்சிற்றளவில் பாதியைப் பிழையாகப் போடு.

அந்த விதியை நான் மதிக்கிறேன். பழைய சிஆர்ஓ வகை ஆசிலாஸ்கோப்பின் திரையில் கோடு தடிமனாக விழும்; தலையைச் சாய்த்தால் அளவே மாறும். கட்டத்துக்கு 1 வோல்ட் வைத்தால் உட்கோடு 0.2 வோல்ட், அதில் பாதி 0.1. கண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை விதி நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. அலையைத் திரை நிறைய விரித்துப் படிக்கும் நல்ல பழக்கமும் இதனால் வருகிறது.

ஆனால் கண்ணைத் தாண்டிய எதுவும் அதன் கணக்கில் இல்லை. டிஜிட்டல் ஸ்கோப் வந்தபின் அந்த 0.1 கூடப் போய்விட்டது, திரையில் 5.012 என்று வந்தால் பதிவேட்டிலும் அப்படியே ஏறுகிறது.

பலகை ஒன்றின் 5 வோல்ட் சப்ளையை, கட்டத்துக்கு 1 வோல்ட் என்ற அதே அமைப்பில் அளப்போம். 8 கட்டம், முழுத்திரை 8 வோல்ட். 8 பிட் கருவி அதை 256 படிகளாக்குகிறது. படி ஒன்று 31 மில்லிவோல்ட். மூன்றாம் தசம இலக்கத்துக்கு ஆதாரமே இல்லை. விவரத்தாளில் பெருக்கப் பிழை முழுத்திரையில் 3 சதவீதம் என்றிருந்தால் அதுவே 0.24 வோல்ட். புரோப்புக்கு 2 சதவீதம் என்றால் இன்னொரு 0.1. இரண்டையும் √3-ஆல் வகுத்து, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்து, 95 சதவீத நம்பிக்கைக்கு இரட்டித்தால் ஏறக்குறைய ±0.3 வோல்ட். பலகைக்கு அனுமதித்த வரம்போ ±5 சதவீதம், அதாவது 0.25. வரம்பைவிட அளவின் நிச்சயமின்மை பெரிது! இந்த ஸ்கோப்பை வைத்து அந்தப் பலகையைத் தேறியது என்றோ தவறியது என்றோ சொல்ல முடியாது. அரை சதவீதம் பிழையுள்ள சாதாரண மல்டிமீட்டர் சொல்லிவிடும். ஸ்கோப்பின் பலம் வேறு: அலைவடிவம், சிற்றலை, நேரம். நேர அச்சின் பிழை பெரும்பாலும் பத்து லட்சத்தில் சில பத்துகளுக்குள் அடங்கும்.

இப்படிக் கணக்கிடும் முறை 1993-இல் வந்த ‘கம்’ (GUM) என்ற அளவீட்டு நிச்சயமின்மை வழிகாட்டியிலிருந்து வருகிறது. ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற கேலிபரேஷன் கூடங்களில் நிச்சயமின்மைக் கணக்கு கட்டாயம். அதிலும் குறை உண்டு. விவரத்தாள் தருவது உச்சவரம்பு. நன்றாகக் கேலிபரேட் செய்த கருவியின் உண்மைப் பிழை அதைவிடக் குறைவாகவே இருக்கும். கேலிபரேஷன் சான்றிதழைப் புரட்டாமல் எக்செல் தாளை மட்டும் நிரப்புகிறவர், நல்ல கருவியையும் மோசமானதாகவே காட்டுவார்.

‘±’ போட்டு அடக்க முடியாத பிழையும் இருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கே சுமார் 3.5 நானோவிநாடி ஏறுநேரம் (சிக்னல் மேலேற எடுக்கும் நேரம்) உண்டு. திரையில் 5 நானோவிநாடி தெரிந்தால், வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுக்க, சிக்னலின் உண்மையான ஏறுநேரம் 3.6-க்கு அருகில் இருக்கும். இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. அதை முதலில் கழிக்க வேண்டும். நிச்சயமின்மைக் கணக்கு அதற்குப் பிறகுதான்.