டிஜேஐ மினி 4 ப்ரோ: காற்றையும் மழையையும் தாங்குமா?

249 கிராமுக்கு உட்பட்ட எடை, 4கே வீடியோ, எல்லாப் பக்கமும் தடைகளைக் கண்டறியும் சென்சார்கள். 2023இல் வந்த டிஜேஐ மினி 4 ப்ரோ ட்ரோனின் படத்தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் வானிலை மாறினால் இதை எவ்வளவு நம்பலாம்?

நொடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கி.மீ. வரையிலான காற்றைத் தாங்கும் என்கிறது நிறுவனம். கடற்கரையில் பறக்கவிட்டுப் பார்த்தேன். கீழே காற்று லேசாகத்தான் வீசியது. மேலேயோ ட்ரோன் காற்றை எதிர்த்து நன்றாகச் சாய்ந்து நின்றது. இறக்கைகளின் இரைச்சலும் கூடியிருந்தது. அப்போதும் திரையில் படம் துளியும் ஆடவில்லை. கேமராவைத் தாங்கும் கிம்பல் அவ்வளவு அழகாகச் சமன் செய்கிறது. எனவே படம் ஆடாததை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிக்காதீர்கள். தலையை நிமிர்த்தி ட்ரோனின் சாய்வைப் பாருங்கள்.

பேட்டரி 34 நிமிடம் வரும் என்பது காற்றே இல்லாத இடத்தில் எடுத்த கணக்கு. நார்மல் மோடில் உச்ச வேகம் நொடிக்கு 12 மீட்டர். நொடிக்கு 8 மீட்டர் எதிர்க்காற்று அடித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 4 மீட்டர்தான். 800 மீட்டர் தூரத்திலிருந்து திரும்பிவர மூன்று நிமிடத்துக்கு மேலாகும். அதனால் போகும்போது எதிர்க்காற்றிலும், வரும்போது காற்றோடும் பறப்பதே நல்லது. வெப்பநிலை வரம்பு 40 டிகிரி. கோடை நண்பகலில் இதை மறக்க வேண்டாம்.

மழைக்கு இது ஆகாது. நீர்புகாத் தரச்சான்று இல்லை. உள்ளே தண்ணீர் போவது மட்டும் ஆபத்தல்ல, சென்சாரும் ஏமாறலாம். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அமேசானின் எம்கே30 டெலிவரி ட்ரோன்கள் இரண்டு சோதனையின்போது தூறலில் விழுந்தன. உயரத்தை அளக்கும் லைடார் மழையில் தவறான அளவைக் காட்ட, தரையிறங்கிவிட்டதாக எண்ணி மென்பொருள் நடுவானிலேயே மோட்டார்களை நிறுத்திவிட்டது. அத்தனை பெரிய நிறுவனத்தின் ட்ரோனுக்கே இந்தக் கதி என்றால், கையடக்க ட்ரோனைத் தூறலில் ஏற்றுவது சரியல்ல.

பயணத்துக்கும் விழாக்களுக்கும் மினி 4 ப்ரோ அருமையான தேர்வு; தாராளமாக வாங்கலாம். வெள்ள மீட்பு போன்ற பணிகளுக்கு நீர்த்தடுப்புக்கான ஐபி55 சான்று பெற்ற மேட்ரிஸ் 30 போன்ற ட்ரோன்களைப் பாருங்கள். எதை வாங்கினாலும், கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்து, சந்தேகம் வந்தால் அன்று பறக்கவிடாதீர்கள்.